மகளை மென்னனைட் கல்லூரிக்கு அனுப்பலாமா?

வெளிநாட்டுப் படிப்பு – வாசகர் கேள்வி பதில்

நான் படித்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கோஷன் கல்லூரியில் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். மென்னனைட் என்ற கிறிஸ்தவச் சபையார் நடத்தும் சின்னஞ்சிறு தனியார் கல்லூரி அது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நம் செட்டிநாட்டுப் பக்கமிருந்தே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான்.

கேள்வி: ஆச்சி, என் மகளுக்கு நீங்கள் படித்த அதே கல்லூரியில் உயிரியல் படிக்க அட்மிஷன் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் ஸ்காலர்ஷிப்பும் தருகிறார்கள். ஆனால் மொத்தமே ஆயிரம் பேர்கூடப் படிக்காத கல்லூரியாம். இங்கே யாரைக் கேட்டாலும் பெயர்கூடத் தெரியவில்லை. "பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்கள்" என்று என் மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். அனுப்பலாமா, வேண்டாமா? – வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்குச் சொல்கிறேன். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மென்னனைட்டுகள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். 1525-ஆம் ஆண்டு ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சில இளைஞர்கள் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும், அதுதான் சட்டம். இவர்களோ, ஒன்றும் அறியாத குழந்தைக்குச் செய்வது செல்லாது, வயது வந்தவர் தானே யோசித்து, தானே விரும்பி ஏற்க வேண்டும் என்றார்கள். அதற்காக அவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527-ல் அதே ஊர் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். பிறகு 1536-ல் மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக்காரப் பாதிரியார் தம் பழைய சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால்தான் மென்னனைட் என்று ஆயிற்று.

நம்பிக்கையை யாரும் யார்மேலும் திணிக்கக்கூடாது என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் வாரிசுகள் இவர்கள். தங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கே, அது வளர்ந்து தானாகக் கேட்கும்வரை ஞானஸ்நானம் கொடுக்காதவர்கள். உங்கள் பேத்தியைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

அதற்காக மதமே கண்ணில் படாது என்று நான் சொல்ல வரவில்லை. என் காலத்தில் வாரத்தில் சில நாள் காலையில் வழிபாடும் பொதுக்கூட்டமும் நடக்கும். ஒரு செமஸ்டருக்கு இத்தனை முறையாவது வர வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். விவிலியம் பற்றிய பாடமும் எடுத்தாக வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தில் மார்க் போட்டது நான் படித்ததற்கும் எழுதியதற்கும்தான். நம்புகிறாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறாயா என்று தோழிகள் கூப்பிடுவார்கள். சில வாரம் போவேன், சில வாரம் போக மாட்டேன். ஏன் வரவில்லை என்று யாரும் முகம் சுளித்ததில்லை. இப்போது விதிகள் எப்படி என்பதை உங்கள் மகளே கல்லூரிக்கு எழுதிக் கேட்கட்டும், ஒளிக்காமல் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே போன முதல் வருஷம் பிள்ளையார் நோன்பு வந்தது. நம் செட்டிநாட்டு வீடுகளில் அந்த நாளைத் தவறவிடுவதே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கோடி வேட்டியில் உருவிய நூலை எண்ணி, ஆத்தா ஒரு கவரில் வைத்து முன்கூட்டியே அனுப்பியிருந்தார். ஆனால் ஹாஸ்டல் அறையில் மெழுகுவத்திகூடக் கொளுத்தக்கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைகளை ஊரில் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. எனக்கு வாய்த்தவர்கள் வயதான விவசாயத் தம்பதி. தயங்கித் தயங்கி அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா சமையலறை மேசையைத் துடைத்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கித் தந்தார். வெல்லம் கிடைக்கவில்லை, கருஞ்சர்க்கரையில் மாவைப் பிசைந்து, அந்த நூலைத் திரியாக வைத்து, இழை என்கிற மாவு விளக்கைச் செய்தேன். சுடர் எரியும்போதே அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றதும் அந்தத் தாத்தா பதறிப்போனார். வீட்டுப் பெரியவர் கையால்தான் இழை வாங்க வேண்டும், இந்த வீட்டில் பெரியவர் நீங்கள்தான் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். காய்ப்புக் காய்த்த பெரிய விரல்கள். அந்த விரல்களாலேயே எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். மறு வருஷம் அந்த அம்மாவே போன் போட்டு, "உன் நோன்பு இந்தத் தடவை எந்தத் தேதி?" என்று கேட்டார்.

மாமியாருக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இனி உங்களுக்கு.

பெயர் தெரியாத கல்லூரி என்பது உண்மைதான். 1894-ல் எல்க்ஹார்ட் என்ற பக்கத்து ஊரில் சின்னதாகத் தொடங்கி, 1903-ல் கோஷனுக்கு வந்த கல்லூரி அது. ஊரே சிறியது. கல்லூரியை ஒட்டியே சரக்கு ரயில் போகும். அது கடந்து முடியும்வரை நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கு ஓட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். ஜனவரிக் குளிர் எலும்பைத் துளைக்கும்.

ஆனால் அங்கே ஆசிரியருக்கு உங்கள் மகளின் பெயர் தெரியும். என் வகுப்புகள் பலவற்றில் இருபது பேர்கூட இருந்ததில்லை. நான் ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டால், மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஆசிரியரே எதிரில் வந்து உட்கார்ந்து "உடம்பு சரியில்லையா?" என்பார். எல்லாரும் ஆசிரியர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர்களே அதைத்தான் விரும்புவார்கள். எனக்கு அது கடைசிவரை நாவில் வரவில்லை, "புரொஃபசர்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் நான் எழுதிய கட்டுரையை வரிவரியாகத் திருத்தி, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் முழுப் பேராசிரியர். பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வகுப்பில் முந்நூறு பேரோடு உட்காரும் பிள்ளைக்கு இது எளிதில் கிடைக்காது.

இதுவே சிலருக்கு மூச்சு முட்டும். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவே முடியாது. நேற்று நீ அழுதாய் என்பதுவரை இன்று ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்திருக்கும். உங்கள் மகள் கூச்சப்படுகிறவளாக இருந்தால் பரவாயில்லை, அது அங்கே போய்விடும். தன்னை யாரும் கவனிக்காமல் இருந்தாலே நிம்மதி என்கிற சுபாவம் என்றால், வேறு இடம் பாருங்கள்.

என் முடிவு: கல்லூரியின் பாடத்திட்டத்தை அவளே உட்கார்ந்து படித்து, இதுதான் வேண்டும் என்று அவள் வாயாலேயே சொன்னால் அனுப்புங்கள். பணக் கணக்கைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: குதிரை வண்டியில் போகிறவர்கள், மின்சாரம் வேண்டாம் என்கிறவர்கள் இவர்கள்தானே? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: அவர்கள் ஆமிஷ். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். யாக்கோப் அம்மான் என்பவர் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பிரிந்துபோனார். அவர் பெயரால் ஆமிஷ். அது நடந்தது 1693-ல். நம் பக்கத்து ஓரியூரில் அருளானந்தர் என்ற பாதிரியாரை வெட்டிய அதே வருஷம். கோஷனைச் சுற்றி ஆமிஷ் மக்கள் நிறைய இருக்கிறார்கள். கடை வாசலில் குதிரையைக் கட்டுவதற்கென்றே கம்பி போட்டிருப்பார்கள். கல்லூரிக்கு வரும் மென்னனைட் பிள்ளைகள் நம்மைப் போலத்தான் ஜீன்ஸ் போட்டு, லேப்டாப் வைத்து, கார் ஓட்டுவார்கள். மென்னனைட்டுகளிலும் பழைய முறை மாறாத சில பிரிவுகள் உண்டு; அவர்கள் பொதுவாகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கே அனுப்புவதில்லை.

கேள்வி: நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பேரன் ஒரு மென்னனைட் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறான். அவர்கள் போருக்கே போக மாட்டார்களாம், விளையாட்டுப் போட்டியில் அவர்கள் நாட்டு தேசிய கீதத்தைக்கூட இசைக்க மாட்டார்களாம். நாட்டுப்பற்று இல்லாத இடத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொள்வான்? – வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். நானும் இதே கேள்வியோடு அங்கே சண்டை போட்டவள்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். நான் படித்தபோது கோஷனில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் கிடையாது. 2010 மார்ச்சில் முதல் முறையாக, பாடாமல் இசையை மட்டும் வாசித்தார்கள். பழைய மாணவர்களிடையே பெரிய வாக்குவாதம் எழுந்தது. 2011-ல் நிர்வாகக் குழு அதை நிறுத்திவிட்டு, "அமெரிக்கா த பியூட்டிஃபுல்" என்ற வேறு தேசப்பாட்டை வைத்தது. அந்த தேசிய கீதத்தில் ராக்கெட்டும் வெடிக்கும் குண்டும் வருகின்றன. நாட்டுக்கும் மேலே கடவுளுக்கே முதல் விசுவாசம் என்பவர்களுக்கு அதைப் பாட வாய் வரவில்லை. இதை ஏற்கவும் ஏற்காமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உயிருக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்களுக்கு அமெரிக்க அரசு மாற்றுப் பணி கொடுத்தது. 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 பேர் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் மென்னனைட்டுகள்தான் அதிகம். அரசிடமிருந்து சம்பளம் கிடையாது. காட்டுத்தீ அணைத்தார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள். மனநல மருத்துவமனைகளில் யாரும் போகத் தயங்கிய வார்டுகளில் வேலை பார்த்தார்கள். அங்கே நோயாளிகளை நடத்திய விதத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், போர் முடிந்தபின் தாங்களே மனநல மருத்துவமனைகள் கட்டினார்கள். 1920-லேயே ரஷ்யா, உக்ரைன் பக்கம் பஞ்சம் வந்தபோது மென்னனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றுவரை நடக்கிறது. நம் நாட்டில் சத்தீஸ்கர் தம்தரிக்கு அவர்கள் 1899-லேயே வந்துவிட்டார்கள்.

அவர்கள் வீடுகளிலும் கல்லூரிகளிலும் அடிக்கடி பார்த்த ஒரு படம் எனக்கு மறக்கவே இல்லை. டர்க் வில்லம்ஸ் என்ற டச்சுக்காரர். 1569-ல் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறான். இவர் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்குகிறார். அதனாலேயே பிடிபட்டு, உயிரோடு எரிக்கப்பட்டார். இந்தப் படத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

நான் சண்டை போட்டதையும் சொல்கிறேன். கார்கில் போர் நடந்த 1999-ஆம் ஆண்டுக் கடைசியில் சமாதானம் பற்றிய ஒரு வகுப்பில் இருந்தேன். எல்லையில் ஏறி வந்து உட்கார்ந்தவனை என்ன செய்யச் சொல்கிறீர்கள், நம் ஜவான் சுடாமல் என்ன செய்வான் என்று எழுந்து நின்று கேட்டேன். குரல் நடுங்கியது. ஆசிரியர் என்னை மறுத்துப் பேசவில்லை. உன் பக்கத்தை எவ்வளவு பலமாக எழுத முடியுமோ எழுதிக் கொண்டுவா என்றார். எழுதினேன். மார்ஜின் முழுக்கக் கேள்விகளாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். மார்க்கும் நன்றாகவே போட்டிருந்தார். நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாட்டைக் காக்க ராணுவம் வேண்டும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரு போர் தொடங்குவதற்கு முன் என்னென்ன செய்திருக்கலாம் என்று கேட்கும் பழக்கம் அந்த மார்ஜினிலிருந்துதான் எனக்கு வந்தது.

லைபீரியாவில் உள்நாட்டுப் போரை நிறுத்தப் பெண்களைத் திரட்டி, 2011-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற லேமா போவீ மேல்படிப்பு படித்தது வர்ஜீனியாவில் உள்ள ஈஸ்டர்ன் மென்னனைட் பல்கலைக்கழகத்தில்தான். உங்கள் பேரன் உங்களிடம் கேட்டு வளர்ந்த அனுபவங்களோடு அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால், அவனுக்கும் நல்லது, அந்த வகுப்புக்கும் நல்லது. அனுப்புங்கள் ஐயா. லீவில் வந்ததும் அவனோடு திண்ணையில் உட்கார்ந்து நன்றாக வாதாடுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? – வாசகி, கண்டனூர்

பதில்: கிடைக்கும், ருசிதான் கிடைக்காது. மெஸ்ஸில் சாலட், பாஸ்தா, ரொட்டி, பழம், பால் எல்லாம் உண்டு. மிளகாய்ப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சர்ச்சில் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்குக் "கேரி-இன்" என்று பெயர். ஒருமுறை வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் செய்துகொண்டு போனேன். பணியாரம் நிமிஷத்தில் காலி. துவையலைத் தொட்ட ஒருவர் இரண்டு டம்ளர் பால் குடித்தார்.

சாப்பாட்டைவிட எனக்கு நினைவிருப்பது அதற்கு முன் பாடிய பாட்டு. பியானோ, ஆர்கன் எதுவும் இல்லை. ஒருவர் சுருதி மட்டும் கொடுத்தார். அடுத்த நொடி அந்தக் கூடமே நாலு குரலாகப் பிரிந்து பாடியது. என் பக்கத்தில் நின்ற பால்பண்ணைக்காரர் புத்தகத்தை மூடியே வைத்திருந்தார்; கீழ்க்குரல் முழுக்க அவருக்கு மனப்பாடம். மேடையும் கிடையாது, பாடகர் என்று தனியாக யாரும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அம்மா மடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்களாம். நம் பஜனை மடங்களில் நாலு பேர் பாட மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுகிறோமே என்று அன்று மனதுக்குள் ஓர் ஏக்கம் வந்தது, இன்றும் இருக்கிறது.

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து அமெரிக்காவில் வேலை வாங்குவதுதான் என் குறி. மென்னனைட் கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் தாராளம் என்கிறார்கள். சேரலாமா? – மாணவர், புதுவயல்

பதில்: தம்பி, வேலை ஒன்றுதான் குறி என்றால் இது உனக்கான இடமில்லை. இவை கலை, அறிவியல், மனிதப் பண்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள். கம்ப்யூட்டரோடு வரலாறும் மதமும் இலக்கியமும் படித்தாக வேண்டும். கோஷனில் 1968 முதலே, மாணவர்கள் ஒரு பருவம் வேறு நாட்டுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, பருவத்தின் முதல் பாதியில் படித்து, மறு பாதியில் சேவை செய்யும் திட்டம் நடக்கிறது. இதெல்லாம் நேரவிரயம் என்று உனக்குத் தோன்றினால் நாலு வருஷமும் முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் போகும். பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்க வரிசையாக வந்து நிற்கிற இடமும் இல்லை.

இதெல்லாம் பிடித்திருக்கிறது, கம்ப்யூட்டரும் வேண்டும் என்றால் யோசிக்கலாம். அப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். கானாடுகாத்தான் வாசகியும் இதைக் கவனிக்கவும்.

தனியார் கல்லூரிகள் அச்சடித்துக் காட்டும் கட்டணம் ஒன்று, உண்மையில் வாங்குவது வேறொன்று. பாதிக் கட்டணம் ஸ்காலர்ஷிப் என்றதும் நம் வீடுகளில் குதிக்கிறோம். மிச்சப் பாதியை ரூபாயில் போட்டு, அதை நாலால் பெருக்கிப் பாருங்கள். விடுதி, சாப்பாடு, கட்டாய மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் தனி. சின்னக் கல்லூரிகளிடம் பெரிய நிதி இருப்பதில்லை. முழுச் செலவையும் ஏற்பது அபூர்வம். மாணவர் விசாவில் படிக்கும்போது கல்லூரிக்குள்ளேதான் வேலை பார்க்கலாம், அதுவும் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கி, மெஸ்ஸில் தட்டுக் கழுவி வரும் காசு கைச்செலவுக்குத்தான் காணும். அதை நம்பிக் கட்டணம் கட்ட முடியாது. படிப்பு முடிந்தபின் அந்தத் துறையில் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. கம்ப்யூட்டர் போன்ற துறைகளுக்கு இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு விசா கிடைப்பது உன் கையில் இல்லை. அந்த நம்பிக்கையில் வீட்டை அடகு வைக்காதே.

நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனபோது, சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷம், இடையில் திரும்பினால் கணக்கு எப்படி என்று சம்பளச் சீட்டில் எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். நீயும் எழுதி வாங்கு. ஸ்காலர்ஷிப் நாலு வருஷத்துக்கும் உண்டா, எவ்வளவு மார்க் குறைந்தால் நிறுத்துவார்கள், வருஷா வருஷம் கட்டணம் ஏறும்போது ஸ்காலர்ஷிப்பும் ஏறுமா, கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி மூடினால் தங்க இடம் உண்டா என்று மின்னஞ்சலில் கேள். அமெரிக்காவில் சின்னத் தனியார் கல்லூரிகள் மாணவர் சேராமல் மூடப்படுவதும் நடக்கிறது. ஆகவே எந்த அங்கீகார அமைப்பின் கீழ் இருக்கிறார்கள், கடந்த சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை எப்படி என்றும் கேட்டுவிடு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதே. என் அனுபவத்தில், கேள்வி கேட்கிற பிள்ளையை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பதிலும் நேராக வரும்.

நாலு வருஷக் கணக்கோடு அந்தப் பதில் கைக்கு வந்து, உன் அப்பாவும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, கடன் இல்லாமலோ தாங்கக்கூடிய கடனோடோ முடியும் என்று தெரிந்த பிறகு முன்பணம் கட்டு. அதுவரை ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம்.